மூன்றாம் கவுண்டருக்கு வந்த மூன்று பிள்ளைகள்

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து வேலை பார்ப்பவனுக்கு மனிதர்கள் நெற்றியிலிருந்து நெஞ்சு வரைக்கும்தான் தெரிவார்கள். அதற்குக் கீழே இருப்பதை மேசை மறைத்துவிடும். இந்த வேலையில் இருக்கும் அன்பர்களே, நம் பாட்டை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவேண்டும் என்றில்லை. நம்பரைக் கூப்பிட்டால் ஆள் வராது. ஆள் வந்தால் பாரம் நிரப்பியிருக்காது. பாரம் நிரப்பியிருந்தால் ஐசி என்கிற அடையாள அட்டை வீட்டில் இருக்கும். பிற்பகல் மூன்று மணிக்கு மேலும் சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று சுவரில் ஒட்டி வைத்தவர், ஒருநாளும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவராக இருக்க முடியாது.

என் பெயர் குணசேகரன். மம்பாவில் வீடு. லுக்குட் பக்கம் ஒரு கிளையில் பத்தொன்பது வருடமாக வேலை, அதில் பெரும்பகுதி மூன்றாம் நம்பர் கவுண்டரில். ஒருநாள் தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு கிளையும் பக்கத்து இடைநிலைப்பள்ளி மாணவர்கள் சிலரை அழைத்து, பத்து வாரம், புதன்கிழமை பிற்பகலில், வங்கி வேலை என்றால் என்னவென்று காட்ட வேண்டுமாம். அந்த மாணவர்கள் தங்கள் வட்டாரத்து மக்களுக்குப் பயன்படுகிற ஒரு திட்டத்தைத் தயாரித்து, கடைசி வாரம் பெரிய அதிகாரிகள் முன்னால் விளக்க வேண்டுமாம். இதை யார் தலையில் கட்டுவது என்று பேச ஒரு கூட்டம் போட்டார்கள். அன்றைக்கு எனக்குப் பல்வலி, வேலைக்குப் போகவில்லை. மறுநாள் போனபோது ஒருமனதாக என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

பெரிய அறை, சின்ன அறை

வந்தவர்கள் மூன்று பேர், எல்லாரும் படிவம் நான்கு, பதினாறு வயது. ஹரிஷின் அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டுகிறார். பையனுக்கு வாய் ஓயாது. அஸ்மாவின் குடும்பம் லுக்குட்டில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்து வளர்ந்த பெண், எதைச் சொன்னாலும் 'ஏன்' என்று கேட்கும். மூன்றாவது யோகேஸ்வரி. புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வருகிறாள். அப்பா இல்லை, அம்மாவுக்குச் செம்பனைக் காட்டில் வேலை. முதல் நாள் அவள் பேசியது மொத்தம் இரண்டே வார்த்தை. 'வணக்கம் சார்.'

முதலில் மூன்று விதிகளைச் சொல்லிக் கொடுத்தேன். வாடிக்கையாளர் விஷயத்தை வெளியில் பேசக்கூடாது. இன்னொருவருக்காகக் கையெழுத்துப் போடக்கூடாது. சொந்தக் குடும்பத்து வேலையை நம் கையால் பார்க்கக்கூடாது. யோகேஸ்வரி மூன்றையும் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டாள். ஹரிஷுக்கு விதியெல்லாம் வேண்டாம், பணம் வைக்கும் பெட்டக அறையைப் பார்க்க வேண்டும். அது முடியாது என்று கதவை மட்டும் தூரத்திலிருந்து காட்டினேன். முகம் வாடிப்போனான். பாவமாக இருந்ததால், பழைய பாரங்களை அடுக்கி வைத்திருக்கும் பின்அறைக்குக் கூட்டிப் போனேன். தரையிலிருந்து கூரை வரை பெட்டி பெட்டியாகப் பாரங்கள். அவன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கேட்டான்: "சார், காசு ரூம் கதவே சின்னதா இருக்கு, பாரம் ரூம் இவ்ளோ பெருசா இருக்கு. இது பேங்கா, இல்ல பாரம் விக்கிற கடையா?"

எல்லாருக்கும் ஓர் ஆப்

இரண்டாம் வாரம் திட்டம் என்ன செய்யலாம் என்று கேட்டேன். ஹரிஷ் கையைத் தூக்கினான். "ஆப் செய்யலாம் சார்." என்ன ஆப்? "மக்களுக்கு உதவுற ஆப்." அதற்கு மேல் அவனிடமும் விவரமில்லை, என்னிடமும் இல்லை. ஆனால் தலைமையகத்துக்கு ஆப் என்றால் பிடிக்கும். நானும் வெள்ளைப்பலகையில் ஒரு போன் படம் வரைந்து, அதற்குள் நாலு கட்டம் போட்டு, அம்புக்குறியெல்லாம் விட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அஸ்மா தன் வழக்கப்படி, "யார் சார் இத யூஸ் பண்ணுவாங்க?" என்றாள். தோட்டத்து மக்கள் என்றேன். அவள் யோகேஸ்வரியைத் திரும்பிப் பார்த்தாள். யோகேஸ்வரி எழுந்து நின்றாள். பள்ளிக்கூடம் இல்லை, உட்கார்ந்தே பேசலாம் என்று சொல்லியும் உட்காரவில்லை. நான் வரைந்த போனைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எங்க தோட்டத்துல தண்ணி டேங்கிகிட்ட நின்னாதான் சார் போன் லைன் கிடைக்கும். ஆப் வேணும்னா எல்லாரும் அங்கதான் வந்து நிக்கணும்."

நடிப்பு

மூன்றாம் வாரம், கிளை மூடிய பிறகு ஒரு நாடகம் போல வைத்தேன். கவுண்டரில் ஹரிஷ் அதிகாரி. என் கழுத்துப்பட்டியை வாங்கிக் கட்டிக்கொண்டான், அது இடுப்புக்குக் கீழே தொங்கியது. அஸ்மா கோபக்கார வாடிக்கையாளராக வந்து மேசையைத் தட்டினாள். கவுண்டரில் எனக்குப் பக்கத்தில் உட்காரும் ஃபரிடாவும் மற்ற ஊழியர்களும் வேலையை விட்டுவிட்டு நின்று சிரித்தார்கள். அடுத்து யோகேஸ்வரியின் முறை.

அவள் வாசல்வரை போனாள். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்குகிற மாதிரி நின்றாள். நம்பர்ச் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மஞ்சள் கோட்டுக்கு நாலடி தள்ளி நின்றாள். ஹரிஷ் கூப்பிட்டதும் வந்து, பேசாமல் ஐசியை நீட்டி, கட்டைவிரலைக் கைரேகைக் கருவிமேல் வைத்தாள். "ரேகை விழலம்மா, நல்லா அழுத்துங்க," என்றான் ஹரிஷ், என்னைப் போலவே குரலை மாற்றி. அவள் அழுத்தினாள். துடைத்துவிட்டு அழுத்தினாள். பின்னால் நிற்பவர்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு விரலை முந்தானையில் மறைத்துக்கொள்வது போலச் சட்டை நுனிக்குள் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

அவள் திரும்பி வந்ததும் நான்தான் கேட்டேன், இதை எங்கேயம்மா பார்த்தாய் என்று. அவள் அம்மா லெட்சுமியின் ஏடிஎம் அட்டை உடைந்துவிட்டதாம். புதுசு வாங்க இரண்டு முறை வந்திருக்கிறார். இரண்டு முறையும் கைரேகை விழவில்லை. அடையாள அட்டை அலுவலகத்தில் கடிதம் வாங்கிவரச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு நாள் வேலை போனது. இரண்டு மாதச் சம்பளம் கணக்கிலேயே கிடக்கிறது; நீலாயில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் அண்ணன் வருமானத்தில் வீடு ஓடுகிறது. நாளைக்கே அம்மாவைக் கூட்டி வா, நானே பார்க்கிறேன் என்றேன். அவள் தலையாட்டி மறுத்தாள். "வர மாட்டாங்க சார். இந்த பேங்க்தான் அது. மூணாம் நம்பர் கவுண்டரு."

ஒரு மெல்லிய பாரம்

அன்றைக்கு மம்பாவுக்குக் கார் ஓட்டியபோது ரேடியோ போடவில்லை. எனக்கு உறுத்தியது என்னவென்று கவுண்டர்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். கைரேகை விழாதவர்களுக்கென்று எங்களிடம் ஒரு தனிப் பாரம் உண்டு. அதிகாரி உட்கார்ந்து சில கேள்விகள் கேட்டு, கையெழுத்தைக் கணக்குத் திறந்த நாளின் பழைய கையெழுத்து அட்டையோடு ஒப்பிட்டு, மேலாளரும் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. ஆனால் அரைமணிக்கு மேல் இழுக்கும். வரிசை நீண்டிருக்கும்போது அந்தப் பாரத்தை யாரும் வெளியே எடுப்பதில்லை. கடிதம் வாங்கி வாங்க என்றால் அரை நிமிடத்தில் அடுத்த நம்பரைக் கூப்பிடலாம். நானும் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறேன்.

அடுத்த புதன் அந்தப் பாரத்தைக் கொண்டுபோய் மூன்று பேர் முன்னாலும் வைத்தேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பிள்ளைகள் முன்னால் தலை குனிவது சுலபமில்லை, ஆனால் வேறு வழியும் இல்லை. அஸ்மா பாரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது எல்லாருக்கும் உண்டா சார்?" என்று கேட்டாள். உண்டு என்றேன். யோகேஸ்வரி அம்மாவுக்காகக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு: "அப்ப எங்கம்மாவுக்கு மட்டும் வேணாம் சார். எங்க லயத்து வீடுங்கள்ல இன்னும் நிறைய பேரு இப்படித் திரும்பி வந்திருக்காங்க, அவங்க எல்லாருக்கும் செய்யலாம்."

கேட்க வேண்டிய கேள்வி

ஒரு சனிக்கிழமை மூவரோடும் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். பத்தொன்பது வருடமாக அந்த மக்களுடைய ஐசியைப் பார்த்திருக்கிறேன், அந்தப் பாதையில் ஒருமுறையும் கார் திருப்பியதில்லை. ஹரிஷ் கையில் அட்டையும் பேனாவும். ஒவ்வொரு வீடாகப் போய், "வங்கியிடமிருந்து நீங்கள் எதிர்பார்க்கும் சேவைகள் யாவை?" என்று பாடப்புத்தகம் போலக் கேட்டான். "ஒண்ணுமில்லப்பா, எல்லாம் நல்லா இருக்கு," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். ஆறு வீட்டிலும் எல்லாம் நல்லாவே இருந்தது.

ஏழாவது வீட்டில் அஸ்மா அட்டையை வாங்கிக்கொண்டாள். "அக்கா, கடைசியா பேங்குல எப்ப கோவம் வந்துச்சு?" என்றாள். அந்த அக்கா கதவைத் திறந்து வெளியே வந்து நின்றவர் பத்து நிமிடம் பேசினார். பக்கத்து வீட்டிலிருந்து இருவர் வந்து சேர்ந்துகொண்டார்கள். ரப்பர் பால்மரம் வெட்டி, செம்பனை முள் குத்தி, உரம் தூவி ரேகை தேய்ந்துபோனவர்கள். பாரத்திலிருக்கும் மலாய் எழுத்து பொடியாக இருப்பதால் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாதவர்கள். வாசலில் நிற்கும் காவலாளியான ஜாகாவைக் கண்டாலே படபடப்பு வருபவர்கள். வேலை முடிந்து குளித்துக் கிளம்பினால், வேன் வந்து சேர்வதற்குள் கவுண்டர் மூடிவிடுகிறது. அஸ்மா இரண்டு பக்கம் நிறைய எழுதினாள்.

கடைசியாக யோகேஸ்வரி வீடு. லெட்சுமி அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டார். நாற்காலியைத் துடைத்துப் போட்டு, தேநீர் கொண்டுவந்து வைத்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன், சர்க்கரை போதுமா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். வெளியே வந்தபோது மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த, தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பிரேக் போட்டு நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க மூணாம் நம்பர் கவுண்டர் சார்தான? உங்களுக்குக் காலெல்லாம் இருக்குன்னே இன்னிக்குத்தான் தெரியுது."

ஃபரிடாவின் தமிழ்

பயிற்சிக்காக வைத்திருந்த, எந்தக் கணக்கோடும் இணைக்காத கைரேகைக் கருவி ஒன்று கிளையில் சும்மா கிடந்தது. மேலாளர் ரஸ்லானிடம் அனுமதி வாங்கிப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். நான் எதிர்பார்த்ததை விட அதிகமாகவே உழைத்தார்கள். விருப்பப்பட்டு முன்வந்த தோட்டத்துப் பெண்களை உட்கார வைத்து, ஈரமாக வைத்தால் எப்படி, துடைத்து வைத்தால் எப்படி, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிய பிறகு எப்படி, வலது எப்படி, இடது எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். கத்தி பிடிக்காத கையின் விரல் பலருக்குச் சற்று நன்றாக விழுந்தது. பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்தது ஹரிஷ். அவன் வாயாடிக்கொண்டே, அழுத்தச் சொல்ல மறந்துவிட்டான். அந்த அம்மா விரலை இறகு போல வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது.

தேய்ந்த ரேகையை அழுத்தினால் அது இன்னும் தட்டையாகி மங்கிவிடுகிறது. லேசாக வைத்தால் கொஞ்சம் பிடிக்கிறது. எல்லாருக்கும் அல்ல, ஆனால் பலருக்கு. இதை என் சக ஊழியர்களுக்குச் செய்து காட்டும்படி பிள்ளைகளிடம் சொன்னேன். ஹரிஷ் மலாயில் வெளுத்து வாங்கினான். எல்லாவற்றையும் கவனமாகக் கேட்ட ஃபரிடா என் பக்கம் திரும்பி மலாயில் சொன்னார். "குணா, எனக்குத் தெரிஞ்ச தமிழே மூணு வார்த்தைதான். கையெழுத்து, நாளைக்கு வாங்க, அழுத்து. அதுல ரெண்டு தப்பா?"

புதுமை எங்கே?

நீலாயில் ஒரு பல்கலைக்கழக மண்டபத்தில் விளக்கக்கூட்டம். மற்றப் பள்ளிப் பிள்ளைகள் பெரிய திரையில் ஆப் காட்டினார்கள். ஒன்று பேசியது, ஒன்று பாடியது. எங்கள் பிள்ளைகள் எடுத்துப்போனது பெரிய எழுத்தில் தமிழிலும் மலாயிலும் அச்சடித்த ஓர் அட்டை. வங்கிக்கு வருமுன் எதெது எடுத்துவர வேண்டும், கையை எப்படிக் கழுவ வேண்டும், விரல் விழாவிட்டால் எந்தப் பாரத்தைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும் என்று படத்தோடு இருந்தது. கூடவே ஒரு கோரிக்கை: மாதம் ஒரு சனிக்கிழமை, அந்தப் பாரத்தோடும் ஒரு கையடக்கக் கருவியோடும் வங்கி தோட்டத்துக்கு வர வேண்டும். முதலில் ஒரேயொரு நாள் சோதனையாக.

ஹரிஷ் பேசுவதாகத்தான் ஏற்பாடு. மேடையேறியதும் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பத்து வாரம் ஓயாமல் பேசியவன், 'செலமாட் பெத்தாங்' என்று மாலை வணக்கம் சொல்லிவிட்டு நின்றுவிட்டான். யோகேஸ்வரி அவன் கையிலிருந்த மைக்கை மெல்ல எடுத்துக்கொண்டாள். தாளைப் பார்க்காமல் முழுவதையும் சொன்னாள். குரல் ஆரம்பத்தில் நடுங்கியது. தன் லயத்தைப் பற்றிச் சொல்ல வந்ததும் நடுக்கம் நின்றது.

நடுவர் வரிசையிலிருந்த ஓர் அம்மையார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: இந்தப் பாரம் ஏற்கெனவே எங்களிடம் இருக்கிறதே, இதில் உங்கள் புதுமை என்ன? பதிலை நான் முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், சொல்லிக் கொடுக்கவில்லை. யோகேஸ்வரி அட்டையைத் தூக்கிக் காட்டினாள். மலாயில் அவள் சொன்ன பதிலை அப்படியே தமிழில் தருகிறேன்: "இருக்குங்க மேடம், ஆனா உள்ளுக்குள்ள இருக்கு. நாங்க அத வெளிய எடுத்துட்டு வந்திருக்கோம்."

பரிசு

முதல் மூன்று இடமும் கிடைக்கவில்லை. பாடிய ஆப்புக்கு முதல் பரிசு. எங்களுக்கு ஆளுக்கொரு தண்ணீர் போத்தலும், பங்கேற்புச் சான்றிதழும். திரும்பி வரும்போது காரில் அஸ்மா, எது தப்பு என்று கணக்குப் போடுவது போல விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று நினைத்தால், எனக்கே ஆறுதல் தேவைப்பட்டது.

மறுவாரம் ரஸ்லான் என்னை அறைக்குள் கூப்பிட்டார். அந்த அம்மையார் தலைமையகத்திலிருந்து போன் செய்தாராம். சோதனை நாளுக்கு அனுமதி. வங்கி விதி எதுவும் மீறக்கூடாது, மேலாளரும் நேரில் இருக்க வேண்டும். ரஸ்லான் எச்சரிக்கையான மனிதர். மழைக்கோட்டு இல்லாமல் மேகத்தைக்கூடப் பார்க்க மாட்டார். அப்படிப்பட்டவர் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி மலாயில் சொன்னார்: "குணா, பரிசு வாங்கின ஆப் இன்னும் வேலை செய்யலயாம். நம்ம பிள்ளைங்களோடதுக்கு நாற்காலி எத்தனை வேணும், சொல்லுங்க."

லெட்சுமி அக்காவின் முறை

தண்ணீர் டேங்கிக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டோம். அங்கேதான் லைன் கிடைக்கும். காலையில் சிறு தூறல், பிறகு வெயில். அஸ்மா வாசலில் பெயர் எழுதி, வரிசையை அப்பா கடையில் கூட்டத்தைச் சமாளிப்பது போலச் சமாளித்தாள். ஹரிஷ் வெதுவெதுப்பான தண்ணீரும் துண்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும், "லேசா வைங்க, பூ வைக்கிற மாதிரி வைங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தான். ரஸ்லான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நாற்காலி தூக்கினார். பாதிப் பேருக்கு மேல் கருவியிலேயே முடிந்தது. மற்றவர்களை ஃபரிடாவும் நானும் ஆளுக்கொரு மேசையில் உட்கார்ந்து பாரத்தில் முடித்தோம்.

லெட்சுமி அக்கா வந்தது கடைசியில். வேலை உடுப்போடேயே வந்தார். அம்மாவைக் கண்டதும், பாரம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த யோகேஸ்வரி நாற்காலியிலிருந்து எழுந்து என் முன்னால் வந்து நின்றாள். "சார், எங்கம்மா. நான் தள்ளி நிக்கிறேன்." முதல் நாள் எழுதி அடிக்கோடு போட்ட விதி. போய் டேங்கி ஓரம் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். ஹரிஷ்தான் அக்காவின் கையைக் கழுவித் துடைத்துவிட்டான். வலது விரல், சிவப்பு. இடது விரல், சிவப்பு. மீண்டும் இடது, சிவப்பு. அக்கா விரலை மடக்கிக்கொண்டார். எழுந்து போய்விடுவார் என்று பயந்துவிட்டேன். "அக்கா, உக்காருங்க. இன்னும் முடியல," என்று பாரத்தை எடுத்தேன்.

கேள்விகளுக்கு டக்டக்கென்று பதில் வந்தது. எப்போது கணக்குத் திறந்தது, எந்தக் கிளை, அப்போது என்ன முகவரி. எனக்குத்தான் எழுதும் வேகம் போதவில்லை. கையெழுத்துக்கான இடம் வந்ததும், வழக்கமாகச் செய்வது போலக் கைநாட்டு வைக்கும் மைப்பெட்டியை நகர்த்தினேன். அக்கா பெட்டியைப் பார்க்காமல் என் பேனாவை எடுத்துக்கொண்டார். குனிந்து, நிதானமாக, 'மு. லெட்சுமி' என்று தமிழில் எழுதினார். குண்டு குண்டான அழகான எழுத்து. ரஸ்லான் மடிக்கணினியில் பழைய கையெழுத்து அட்டையைத் திறந்தார். கணக்குத் திறந்த நாளில் போட்ட கையெழுத்து அதில் இருந்தது. அதே 'மு. லெட்சுமி', அதே குண்டு எழுத்து, ஒரு புள்ளிகூட மாறவில்லை. அந்த அட்டையைத் திறந்து பார்க்க என் கவுண்டரில் எனக்கு இரண்டு முறை வாய்ப்பு இருந்தது.

ரஸ்லானும் கையெழுத்துப் போட்டார். புது ஏடிஎம் அட்டை அங்கேயே அக்கா கைக்கு வந்தது. யோகேஸ்வரி அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். அழுதிருந்தாள், ஆனால் நிமிர்ந்து நின்றாள். நான் எழுந்து, அன்று சொல்ல முடியாமல் போன மன்னிப்பைச் சொன்னேன். லெட்சுமி அக்கா அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "கையெழுத்துப் போடுவீங்களான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா போட்டிருப்பேன் சார். நீங்க கட்ட விரலத்தான கேட்டீங்க."

வங்கி வேலைக்கு யார் யார்?

எல்லாம் முடிந்த பிறகு தலைமையகத்துக்கு அனுப்ப ஒரு கேள்வித்தாள். 'எதிர்காலத்தில் வங்கித் துறையில் பணியாற்ற விரும்புகிறீர்களா?' அஸ்மா 'தெரியவில்லை' என்ற கட்டத்தில் குறி போட்டு, காரணம் என்ற இடத்தில் இன்னும் மூன்று கேள்விகளை எழுதி வைத்தாள். ஹரிஷ், தேய்ந்த விரலையும் படிக்கிற கருவி செய்யப் போகிறேன், அதை வங்கிக்கு விற்பேன் என்று எழுதினான். விலையையும் இப்போதே போட்டிருந்தான்.

யோகேஸ்வரி தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு வேனுக்கு ஓடினாள். சோதனை நாள் மாதந்தோறும் தொடரும் என்று கடிதம் வந்திருந்த நேரம் அது. கூடாரத்து வேலைக்கான பிள்ளைகள் பட்டியலில் அவள் பெயர்தான் முதலில் இருந்தது. தாளைப் பிரித்தேன். 'ஆம்' என்ற கட்டத்தில் பட்டையாகக் குறி. அவளைப் பற்றி இரண்டு வார்த்தை எழுதித் தரும்படி ரஸ்லான் கேட்டிருந்தார், அதனால் அந்தத் தாளை அவரிடமே காட்டினேன். அவர் படித்துவிட்டு, தன் நாற்காலியின் கைப்பிடியை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். காரணம் என்ற இடத்தில் அந்தப் பெண் எழுதியிருந்ததை ஒரு எழுத்து மாற்றாமல் தருகிறேன்: "கவுண்டர் வேலை வேண்டாம். கவுண்டரில் இருப்பவர்களுக்கு எதை முதலில் கேட்க வேண்டும் என்று சொல்லும் வேலை வேண்டும்."

ஆகவே கவுண்டர் அன்பர்களே, வங்கி வேலையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை உங்கள் தலையில் கட்டினால் பல்வலி என்று தப்பித்துவிடாதீர்கள், ஆனால் அந்தப் பத்து வாரத்தில் அவர்கள் உங்களுக்குப் போடும் மதிப்பெண்ணை வீட்டில் காட்டும் துணிச்சல் இருந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.